ஒட்டவைத்த அண்ணன்

என் தங்கைக்குக் கண் கூர்மை. பதினோரு வருடமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்க்கிறாள். முன்பக்கம் அலமாரி, ஏசி, சிரித்த முகத்தோடு வாடிக்கையாளரை வரவேற்கும் பெண்கள் எல்லாம் உண்டு. பின்னறையில் அவளும் ஒரு ஸ்டூலும் லென்ஸ் வெட்டும் மெஷினும்தான். வருகிற லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். நடுவில் புள்ளி வைத்து, ஃபிரேம் அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்துப் பொருத்தியபின் மறுபடி விளக்குக்கு நேரே பிடிப்பாள். மயிரிழை அளவு கீறல் இருந்தால் போதும், "இது போகாது" என்று தனியே எடுத்து வைத்துவிடுவாள். முதலாளியே வந்து, "யாருக்கும்மா தெரியப்போகுது, கொடுத்துடு" என்று கெஞ்சியிருக்கிறார். "எனக்குத் தெரியுதே சார்" என்பாள். அதற்குமேல் அவளிடம் யாரும் வாயாட முடியாது.

அப்பேர்ப்பட்டவள், புருஷனை வரவழைப்பதற்காகப் பொய்யான படத்தை அரசாங்கத்துக்கு அனுப்பினாள் என்று குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அனுப்பியது அவள்தான். அனுப்ப வைத்த புண்ணியவான் நான்.

நான் பஸ் டிரைவர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வந்த வேகத்தில் போய்விடும். ஒரே ஒரு கோபம் மட்டும்தான் போகாமல் இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளேயே குடியிருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவர்கள் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது, அவளுக்குப் பன்னிரண்டு. தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலுக்கு முழித்திருந்தது எல்லாம் நான். இந்த நாட்டுக்கு நான் வந்து சேர்ந்து, காலூன்றி, அவளையும் கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து, முன்னால் நின்று கல்யாணம் பண்ணிவைக்க வேண்டும் என்பதுதான் நான் வைத்திருந்த ஒரே பெரிய ஆசை. பார்த்தேன், பார்த்தேன், ஏழு வருடம் பார்த்தேன். அவள் ஒவ்வொருவரையும் லென்ஸ் மாதிரி விளக்குக்கு நேரே பிடித்து, "இது போகாது அண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் சித்திக்கு முட்டி ஆபரேஷன் என்று துணைக்கு இரண்டு மாதம் ஊருக்குப் போனாள். போன இடத்தில், சாயங்காலம் பொழுது போகவில்லை என்று நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். முப்பத்தொரு வயதில்! தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிறவள். பதினெட்டு நாள் குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்த பிடி விடாமல் நின்றாளாம். பத்தொன்பதாவது நாள் விட்டாளாம். அதற்கு மறுவாரம் எனக்குப் போன் வந்தது.

"அண்ணா, எனக்குக் கல்யாணம்."

"என்னடி சொல்ற? யாரு பார்த்தது, சித்தியா?"

"நான்தான் பார்த்தேன். தினம் ஒரு மணி நேரம் தண்ணிக்குள்ள நின்னு பார்த்தேன்."

"பையன் என்ன பண்றான்?"

"நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாரு."

"அது சரி. வேலை என்ன?"

"அதுதான் வேலை."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நீச்சல் வாத்தியார் என்பதற்காக இல்லை. அரை டவுசரோடு விசில் ஊதுவதும் ஒரு பிழைப்புதான், ஒத்துக்கொள்கிறேன். என்னைக் கேட்டாளா? கேட்கவில்லை. சொன்னாள். 'எனக்கு இப்படி ஒரு எண்ணம், நீ என்ன நினைக்கிற அண்ணா' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே வரிசையாகப் பத்துக் குறை சொல்லிவிட்டுக் கடைசியில் சரி என்றிருப்பேன். கேட்காமல் சொன்னால்? அப்புறம் நான் எதற்கு அண்ணன்?

கல்யாணத் தேதி சொன்னாள். "லீவு கேட்டுப் பார்க்கிறேன்" என்றேன். ஒரு வாரம் கழித்து, "லீவு கிடைக்கலம்மா, ஆளே இல்லையாம்" என்றேன். அழுதாள். "பரவாயில்ல அண்ணா" என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் லீவு கேட்கவே இல்லை. இருபத்திரண்டு நாள் லீவு அப்படியே கிடந்தது. அதைவிடக் கேவலம், கல்யாணத்தன்று எனக்கு ஓய்வு நாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் மனது கிடந்து அடித்துக்கொள்ளும் என்று நானே போய் எக்ஸ்ட்ரா டூட்டி கேட்டு வாங்கினேன். பத்து மணி நேரம் ஓட்டினேன். வீட்டுக்காரிக்கு மட்டும் இது தெரியும். பிள்ளைக்கு ஒரு வயதுகூட ஆகாததால் அவளாலும் போக முடியவில்லை. அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

கல்யாணம் முடிந்த நான்காவது நாள் தங்கை கூப்பிட்டாள். "அண்ணா, ஆல்பத்துல நீ இல்லாதது நல்லாவே இல்ல. ஸ்டூடியோக்காரர் சொல்றாரு, உன் போட்டோ ஒண்ணு அனுப்பினா எடிட்டிங்ல சேர்த்துடுவாராம். அனுப்புறியா?"

கோபம் அதற்குள் பாதி இறங்கிவிட்டது. வீம்பு இறங்கவில்லை. "அனுப்பறேன். ஆனா எங்கயாவது ஓரத்துல தொங்க விடாதே. நடுவுல நிக்கணும்" என்றேன். டிப்போ நண்பன் ஒருவனின் கோட்டை மாட்டிக்கொண்டு, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பினேன்.

ஸ்டூடியோக்காரர் கைகாரர்தான். மேடையில் மணமக்களுக்குப் பின்னால், நடுவில், சித்தப்பா மாப்பிள்ளையின் தோளில் கை போட்டபடி நின்றிருந்தார். சித்தப்பாவை அலாக்காகத் தூக்கிவிட்டு அங்கே என்னை நிறுத்திவிட்டார். கையை மட்டும் தூக்க மறந்துவிட்டாரோ, வசதியாக இருக்கிறதென்று விட்டுவிட்டாரோ, தெரியாது. என் கோட்டிலிருந்து சித்தப்பாவின் கை, அவருடைய வாட்ச்சோடு, புறப்பட்டு மாப்பிள்ளையின் தோளில் கிடந்தது. சித்தப்பாவுக்கு இன்றுவரை என் மேல் வருத்தம். ஆனால் படத்தில் நான் ராஜா மாதிரி இருந்தேன். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தங்கை திரும்பி வந்து, கணவரை இங்கே நிரந்தரமாகத் தங்கவைக்கும் பி.ஆர்.-க்கு ஸ்பான்சர் பண்ண வேண்டும் என்று ஆரம்பித்தாள். எங்கள் பகுதியில் யாருக்கு எந்த மனு எழுத வேண்டுமானாலும் ஒரு பெரியவரிடம்தான் போவோம். ஓய்வுபெற்ற குமாஸ்தா. அவரை 'விண்ணப்பம் சார்' என்றே கூப்பிட்டுப் பழகி, அவர் சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. அவர் பாரத்தையெல்லாம் நிரப்பிவிட்டு, "கல்யாணப் படம் பன்னிரண்டு வேணும், குடும்பம் முழுக்க சம்மதத்தோட நடந்துச்சுன்னு தெரியணும்" என்றார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆல்பத்தை விரித்தோம். நான் முதலில் எடுத்தது நான் இருக்கும் படம்.

"அது வேண்டாம் அண்ணா" என்றாள் தங்கை. "அதுல நீ நிஜமா இல்லையே."

"ஓ! நான் இல்லாம என்ன குடும்பப் படம்? பெத்தவங்க இல்லாத பொண்ணு, கூடப் பிறந்தவனும் இல்லைன்னா என்ன நினைப்பாங்க?"

"பொய்யாச்சே அது."

"நான் உனக்கு அண்ணன்கிறது பொய்யா?"

கத்திவிட்டேன். குழந்தை முழித்துக்கொண்டது. அவள் அந்தப் படத்தின் பின்னாலும் யார் யார் என்று எழுதிக் கவருக்குள் வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்தே ஒரு கீறலை விட்டாள். எனக்காக விட்டாள்.

அப்புறம் காத்திருப்புதான். சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். இரண்டு பேருக்கு வேண்டும் என்று பெரிய அறையாகவே பார்த்து எடுத்தாள். கீழே தபால்பெட்டியில் தன் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் ஒட்டிவிட்டாள். தபால்காரர், "யாரும்மா இது, நான் பார்த்ததே இல்லையே?" என்று கேட்டாராம். "நானே பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றாளாம். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன். அந்தப் பக்கம் விசில் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்கும். இவள் அடுப்பை அணைத்தாளா, அவர் ஈரத் துணியோடு வண்டி ஓட்டினாரா என்று தினம் ஒரு சண்டை. நான் மட்டும் அந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஆரம்பத்தில் இரண்டு மூன்று முறை எனக்குப் போன் பண்ணினார். நான் எடுக்கவில்லை. பிறகு அவரும் விட்டுவிட்டார்.

பிரிந்து இருபத்திரண்டு மாதம் ஆனபோதுதான் அந்தக் கடிதம் வந்தது.

விண்ணப்பம் சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் தொங்கிப்போனது. குடும்பப் படத்தில் நடுவில் நிற்கும் நபர் அந்த வருடம் முழுவதும் நாட்டை விட்டு வெளியே போனதாகப் பதிவில்லை. ஒன்று, அவர் வேறு பெயரில் பயணம் செய்திருக்க வேண்டும். அல்லது படம் போலியாக இருக்க வேண்டும். முப்பது நாளைக்குள் மனுதாரரும் அந்த நபரும் நேரில் வர வேண்டும். கல்யாணத்தில் எடுத்த எல்லாப் படங்களும், கைவைக்காமல் அப்படியே வேண்டும். அந்த நபர் அன்று எங்கே இருந்தார் என்பதற்கு அவர் வேலை செய்யும் இடத்திலிருந்து சான்று வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் மனு தள்ளுபடி. ஐந்து வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

"ஐந்து வருஷம்" என்றாள் தங்கை. அவ்வளவுதான் சொன்னாள். நடுவில் நிற்கும் நபராம்! நடுவில்தான் நிற்பேன் என்று அடம்பிடித்த நபர்!

விண்ணப்பம் சார் யோசித்தார். "ஒண்ணு பண்ணலாம். உங்களுக்கு இரட்டைப் பிறவி ஒருத்தர் ஊர்ல இருக்காருன்னு எழுதிடலாமா?"

எனக்கு அது நல்ல யோசனையாகப்பட்டது. "அச்சு அசல் என்னை மாதிரியேன்னு எழுதுங்க சார்" என்றேன்.

"ஒரு அண்ணனை வெச்சுக்கிட்டே நான் படற பாடு போதும்" என்றாள் தங்கை. "ஒட்டவெச்சதுன்னு எழுதுங்க சார். ஏன் ஒட்டவெச்சோம்னும் எழுதுங்க. லீவு கிடைக்கல, வர முடியல, நான் அழுதேன், அதனால ஒட்டவெச்சோம். உள்ளது அதுதானே?"

வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் மேசைவிரிப்பைப் பார்த்தேன்.

"டிப்போல கேட்டா அன்னைக்கு டூட்டில இருந்தேன்னு பேப்பர் கொடுப்பாங்கள்ல அண்ணா?"

"கொ... கொடுப்பாங்க."

அவள் போனதும் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான். ஊரையே அதட்டற வாய்தானே அது."

"கேட்டா செத்தாலும் மன்னிக்க மாட்டா."

"அப்ப பேப்பரை மட்டும் வாங்குங்க. அதுலயே எழுதியிருக்கும்."

எழுதியிருந்தது. டிப்போ ஆபீஸில் கம்ப்யூட்டரைத் தட்டி எடுத்துக் கொடுத்த தாளில் பளிச்சென்று இருந்தது: ஓய்வு நாள். சொந்த வேண்டுகோளின் பேரில் கூடுதல் டூட்டி. காலை ஐந்து முதல் மாலை மூன்று. அதற்குக் கீழே, அந்த மாதம் விடுப்புக் கோரிக்கை ஏதும் இல்லை. எவன் கேட்டான் அந்தக் கடைசி வரியை!

"தம்பி, டூட்டில இருந்தார்னு மட்டும் போட்டுக் கொடேன்" என்றேன் ஆபீஸ் பையனிடம்.

"கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதுதாண்ணே வரும்" என்று கவரில் போட்டு, ஒட்டி, மேலே முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டான்.

மூன்று நாள் அந்தக் கவர் என் சட்டைப் பையில் இருந்தது. தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா, பழைய பதிவெல்லாம் அழித்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு சிக்னலிலும் யோசித்தேன். அப்படிச் சொன்னால் அவள் நம்புவாள். நான் சொல்வதை அவள் எப்போதும் நம்புவாள். ஆனால் மனு போய்விடும். அவள் அந்தப் பெரிய அறையில் இன்னும் ஐந்து வருடம் தனியாகக் கிடப்பாள். கடைசியில், வருவது வரட்டும், கவரை ஒட்டியபடியே நேர்காணலில் கொடுப்பது என்று முடிவு பண்ணினேன்.

இதற்கிடையில் தங்கை ஸ்டூடியோக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். படம் போலி என்று எழுதித் தர மாட்டேன் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். "முப்பது வருஷமா கடை நடத்துறேன், என் கையால போலின்னு எழுதுவேனா? 'கலை வேலைப்பாடு செய்யப்பட்டது'ன்னு வேணும்னா எழுதறேன்." அப்படியே எழுதி அனுப்பினார். கூடவே கல்யாணத்தில் எடுத்த எல்லாப் படமும். எண்ணூற்று நாற்பத்து மூன்று. அவற்றில் சித்தப்பா முழு உடம்போடு இருக்கும் படத்தை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு, மொத்தத்தையும் பென் டிரைவில் போட்டு, முன்கூட்டியே அலுவலகத்தில் கொடுத்துவிட்டாள்.

நேர்காணல் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்கு. ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் கடிகாரம். எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. சிரிப்பே இல்லாத முகம். நான் கவரைக் கொடுத்தேன். பிரிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டார். முதலில் படத்தை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார்.

"இந்தக் கை யாருடையது?"

"எங்க சித்தப்பாவோடது மேடம்" என்றேன்.

"வாட்ச்?"

"அதுவும் அவரோடதுதான் மேடம்."

எழுதிக்கொண்டார். ஸ்டூடியோக்காரரின் கடிதத்தைப் படித்தார். 'கலை வேலைப்பாடு' என்ற இடத்தில் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இந்தப் படங்களை நான் எல்லாம் பார்த்தேன்" என்றார் தங்கையிடம். "ஆல்பத்தில் நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆல்பத்தில் சேர்க்காத படங்களைப் பாருங்கள். மாப்பிள்ளை உங்களைப் பார்க்கிறார். நீங்கள் வேறு எங்கேயோ பார்க்கிறீர்கள். இதிலும் அப்படி. இதிலும் அப்படி. அறுபது படத்துக்கு மேல் எண்ணினேன். இந்தக் கல்யாணத்தில் உங்களுக்கு விருப்பம் இருந்ததா?"

ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார். நான் அப்போதுதான் அவற்றைப் பார்க்கிறேன். மேடையில் நிற்கிறாள், தலை பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. யாரோ பரிசு கொடுக்கிறார்கள், கை வாங்குகிறது, கண் அவர்கள் தோளுக்கு அப்பால் போகிறது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள், அப்போதும் அதே பக்கம். அந்த மனிதர் பாவம், எல்லாவற்றிலும் இவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"விருப்பம்தான் மேடம். நானே பார்த்துப் பண்ணிக்கிட்ட கல்யாணம்."

"அப்படியானால் எதைப் பார்க்கிறீர்கள்?"

"மண்டபத்து வாசலை."

"ஏன்?"

"அண்ணன் லீவு கிடைக்கலைன்னு சொல்லியிருந்தான். ஆனா இவன் அப்படித்தான் மேடம் சொல்லுவான். என் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வர முடியாதுன்னு சொல்லிட்டு, நான் மேடை ஏறும்போது பார்த்தா முன் வரிசையில உட்கார்ந்திருந்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கூட வர நேரமில்லைன்னு சொல்லிட்டுக் கடை வாசல்ல நின்னான். அதனால கடைசி நிமிஷத்துல வந்து நிப்பான்னு நினைச்சேன். மேடைல இருந்து வாசல் நல்லாத் தெரியும்."

"எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்?"

"எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு, நாற்காலியெல்லாம் மடிக்கிற வரைக்கும்."

அந்த அம்மா பக்கத்திலிருந்த கவரை எடுத்துப் பிரித்தார். படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்து படித்தார்.

"இதில் நீங்கள் விடுப்பே கேட்கவில்லை என்றிருக்கிறது. ஓய்வு நாளில் நீங்களாகவே கேட்டு வேலை செய்திருக்கிறீர்கள்."

தங்கை என் பக்கம் திரும்பினாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை. யாரும் சொல்லாமலேயே நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன்.

"ஆமா மேடம். கேக்கல."

"ஏன்?"

"கோபம்."

"யார் மேல்?"

"இவ மேல. அந்த நீச்சல் வாத்தியார் மேல. என்னைக் கேக்காம முடிவு பண்ணிட்டா மேடம். பன்னிரண்டு வயசுல இருந்து வளர்த்தேன். மாப்பிள்ளை நான் பார்க்கணும்னு நினைச்சேன். இவ பார்த்துட்டா. அதான் போகல. லீவு கிடைக்கலைன்னு பொய் சொன்னேன். இவ அழுதா. அழட்டும்னு விட்டேன். போட்டோவை மட்டும் நடுவுல வைன்னு அனுப்பினேன். இதை மனுவுல சேர்க்க வேண்டாம்னு இவ சொன்னா, நான்தான் கத்திச் சேர்க்க வெச்சேன். இவ வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்தான்னு எனக்குத் தெரியாது. இப்பத்தான் தெரியும்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அவரோடு பேசுவீர்களா?"

"இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசல."

"கோபம் இன்னும் இருக்கிறதா?"

பொய் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றியது. "கொஞ்சம் இருக்கு மேடம்" என்றேன்.

முதல் தடவையாக அவர் முகம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது, சிரிப்புக்குப் பக்கத்து ஊர். "பதினாறு வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன்" என்றார். "காகிதத்துக்காகச் செய்கிற கல்யாணத்தில் எல்லோரும் வந்து வரிசையாக நின்று சிரிப்பார்கள். யாரும் கோபித்துக்கொண்டு வராமல் இருக்க மாட்டார்கள். உட்காருங்கள். முடிவு தபாலில் வரும்."

வெளியே வந்தோம். நான் இரண்டடி பின்னாலேயே நடந்தேன். பஸ் நிறுத்தத்தில் வாயைத் திறந்தேன். "பேசாதே" என்றாள். "எனக்கு வர்ற கோபத்துக்கு நான்தான் இன்னைக்கு எக்ஸ்ட்ரா டூட்டி பார்க்கணும்." வந்த பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் பின் சீட்டுக்குப் போனேன். ஓட்டியவன் எங்கள் டிப்போக்காரன். கண்ணாடியில் பார்த்து, "என்ன அண்ணே, டிக்கெட் எடுத்தாச்சா?" என்று நக்கல் வேறு.

அதன் பிறகு பத்தொன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வருவாள், அண்ணியோடு அரட்டை அடிப்பாள், குழந்தையைக் கொஞ்சுவாள். நான் நின்றால், "அண்ணி, உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்பாள். நேர்காணலில் அந்த அம்மாவின் கண்ணாடி வலது பக்கம் இறங்கியிருந்தது, கழற்றி நிமிர்த்திக் கொடுக்கக் கை துறுதுறுத்தது என்பதைக்கூட அண்ணியிடம்தான் சொன்னாள். இரண்டாவது வாரம் நான் பொறுக்க முடியாமல், "திட்டவாவது திட்டேன்டி" என்றேன். "அண்ணி, உங்க வீட்டுல ஏதோ சத்தம் கேக்குது" என்றாள். எனக்கு வேண்டியதுதான். அந்தப் படங்கள்தான் என்னைத் தூங்க விடவில்லை. நாற்காலி மடிக்கிற வரைக்கும் பார்த்திருக்கிறாள். அந்த நேரத்தில் நான் இங்கே சில்லறை இல்லை என்று ஒரு பயணியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

இருபதாவது நாள் காலை பதினொன்று இருபதுக்கு, கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தியிருந்தேன். கிளம்ப இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. போன் அடித்தது. தங்கை.

"அண்ணா." அழுகை. "வந்துடுச்சு அண்ணா. கொடுத்துட்டாங்க. அவரு வரலாமாம்."

எழுந்து நிற்கப் போய் ஸ்டீயரிங்கில் இடித்துக்கொண்டேன். "நிஜமாவா? நல்லாப் படிச்சியா? முழுசா படிச்சியா?"

"நாலு தடவை படிச்சேன்."

"அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. இப்ப நான் பேசினா அழுகைதான் வரும், பயந்துடுவாரு." மூக்கை உறிஞ்சினாள். "நீ சொல்லு."

"நானா?"

"நீதான். அண்ணன்தானே நீ? நல்ல சேதியை நீயே சொல்லு." வைத்துவிட்டாள்.

அவர் நம்பர் என்னிடம் இருந்தது. எடுக்காத நம்பரைக்கூட அழிக்காமல் வைத்திருந்தேன். அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் பிள்ளைகள் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும்.

"அவளுக்கு என்ன ஆச்சு?" அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நான் கூப்பிடுவதென்றால் அது கெட்ட சேதியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். அப்படி நினைக்கும்படி வைத்திருந்தேன் அந்த மனிதரை.

"ஒண்ணும் ஆகல, அவ நல்லாத்தான் இருக்கா. பி.ஆர். வந்துடுச்சு மாப்பிள்ளை. நீங்க கிளம்பி வரலாம்."

அந்தப் பக்கம் பிள்ளைகளின் கூச்சல் மட்டும் கேட்டது. யாரோ, "சார், சார்" என்று கூப்பிட்டார்கள். நான் விட்டால் மறுபடி வாய் வராது என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

"மாப்பிள்ளை, நான் கல்யாணத்துக்கு வந்திருக்கணும். வரல. லீவு இருந்துச்சு, இருந்தும் வரல. தப்பு என்னோடதுதான். என்னை மன்னிச்சிடுங்க."

மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சிரிப்பும்.

"அட விடுங்க மச்சான். நீங்க வரலைன்னா என்ன, இதோ நான் வர்றேன்ல?"

எனக்குக் குபுக்கென்று வந்துவிட்டது. ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன், வெட்கமே இல்லாமல், சத்தமாக. நேரம் பதினொன்று முப்பது ஆகிவிட்டது. முன் சீட்டிலிருந்த ஒரு வயதான அம்மா பைகளை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"டிரைவர் தம்பி, பஸ் கிளம்புமா, கிளம்பாதா?"

"கிளம்பும்மா, கிளம்பும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். "எங்க வீட்டு மாப்பிள்ளை வர்றாரு."